இங்கிலாந்தா, ஜெர்மனியா? வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கைத்தறிக் கைலிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடியிலும், அதைச் சூழ்ந்த வடலூர், நெய்வேலி, கடலூர், சிதம்பரம் வட்டாரங்களிலும், பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து போவது பழக்கப்பட்ட செய்தியாகும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆள் அனுப்பாத தெருவை இப்பகுதியில் காண்பது அரிது. ஆனால் அந்தப் பயணங்களில் போனவர் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்பினார். இப்போது பொறியியல் பட்டம் முடித்த பிள்ளைகள் முதுநிலைப் படிப்புக்காக மேற்கொள்ளும் பயணத்தில், வீடுதான் முதலில் அவர்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது. பணம் செல்லும் திசை மாறிவிட்டதால், எந்த நாட்டுக்குப் போவது என்ற கேள்வியையும் பழைய முறையில், அதாவது முன்னே போனவர் யார், அங்கே உறவினர் உண்டா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

இவ்வட்டாரக் குடும்பங்களில் இன்று அடிக்கடி எடைபோடப்படும் இரு பெயர்கள் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஆகும். பேச்சில் முன்னது பெரும்பாலும் ‘லண்டன்’ என்றே குறிக்கப்படுகிறது, படிக்கப் போகும் ஊர் எதுவாக இருந்தாலும். இந்த இரண்டும் கடலூர்ச் சீமைக்கு அந்நியமானவையும் அல்ல. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. நெய்வேலியிலோ இரு நாடுகளும் ஒரே இடத்தில் சந்தித்தன: பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க முடியுமா என ஆராய்ந்து தொழில்நுட்ப ஆலோசனை வழங்கியது பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம்; 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் சுரங்கத்துக்குள் இறங்கி மண்ணை வாரிய ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

இரு நாடுகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இங்கிலாந்து மாணவரிடமிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு காலத்தை மிச்சப்படுத்தித் தருகிறது, ஜெர்மனி பணத்தை விட்டுவிட்டுக் காலத்தை வாங்கிக்கொள்கிறது. குடும்பத்திடம் எது கூடுதலாக இருக்கிறது என்று பார்க்காமல், பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பதால்தான் பல வீடுகளில் முடிவு தவறாகிறது.

முதலில் இங்கிலாந்தின் செலவைப் பார்க்கலாம். அங்கே முதுநிலைப் படிப்பு பொதுவாக ஓராண்டில் முடிகிறது. வெளிநாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெரிதும் வேறுபடுகிறது என்பதால், எடுத்துக்காட்டாக 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல், வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசா விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் முதல் இத்தொகை லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு, லண்டனுக்குள் மாதம் 1,529 பவுண்டு என உள்ளது. அந்நாட்டின் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கான விசா ஓராண்டைத் தாண்டி மேலும் சில மாதங்கள் செல்லுபடியாவதால், எஞ்சிய மாதங்களுக்குப் பாதித் தொகை சேர்ந்து 1,164 பவுண்டாகிறது. 2025 ஏப்ரலில் விசாக் கட்டணம் 524 பவுண்டாக உயர்ந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் 30,000 பவுண்டைத் தாண்டுகிறது. 2025-இன் பிற்பகுதியில் ஒரு பவுண்டு 115 முதல் 120 ரூபாய் வரை விற்ற கணக்கில் இது ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய், விமானக் கட்டணம் நீங்கலாக.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில், பெரும்பாலான மாநிலங்களில், வெளிநாட்டவருக்கும் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு ஒருமுறை செலுத்தும் சில நூறு யூரோ மட்டுமே, அதிலும் பல இடங்களில் உள்ளூர்ப் போக்குவரத்துப் பயணச்சீட்டு அடங்கிவிடுகிறது. விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலை மாணவருக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்துள்ளது. ஆகவே ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்ற சொல்லை அப்படியே நம்பாமல், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம், அது அரசுடையதா தனியாருடையதா என்று கேட்டுக்கொள்வது முறை.

கட்டணம் இல்லையென்றாலும் வாழ்க்கைச் செலவுக்கு உத்தரவாதம் தேவை. இதற்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கில், மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு 11,904 யூரோவை மாணவர் புறப்படும் முன்பே செலுத்திவிட வேண்டும். அது பூட்டப்பட்டு, அவர் அங்கே போய்ச் சேர்ந்த பின் மாதத் தவணையாக அவர் கைக்கே திரும்பி வருகிறது. 2025 இறுதியின் நாணய மாற்று விகிதத்தில் இது 12 லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. இங்கிலாந்து காட்டச் சொல்லும் வாழ்க்கைச் செலவுத் தொகையும் ரூபாயில் ஏறத்தாழ இதே அளவுதான் என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்துக் கணக்கில் அதற்கு மேல் ஏறி உட்காரும் கல்விக் கட்டணமே இரண்டையும் பிரிக்கும் சுவர். ஜெர்மனியில் படிப்பு இரண்டு ஆண்டு என்பதால் இரண்டாம் ஆண்டுக்கும் இதே செலவு உண்டு, குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பணத்துக்குச் சான்று காட்டவும் வேண்டும். எனினும் அந்த இரண்டாம் தொகையின் ஒரு பகுதியைப் பகுதிநேர வேலையால் ஈட்டும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைக்கிறது; ஊரிலிருந்து புறப்படும்போதே முழுச் சுமையையும் குடும்பம் தூக்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு வங்கிக் கிளையின் மேசையில் வேறு உருவம் எடுக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. அதைத் தாண்டினால் வீடோ மனையோ நிலமோ அடமானம் வைக்கப்பட வேண்டும். அப்போது தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்து, மதிப்பீட்டாளரின் அறிக்கை என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். பாகப்பிரிவினை நடக்காத பூர்வீக வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை என அனைவரின் கையெழுத்தும் தேவைப்பட்டு, அட்மிஷன் கடிதம் கையில் இருந்தும் காலக்கெடு கடந்துபோவது உண்டு. பத்து சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுத் தவணையாகக் கணக்கிட்டால், 12 லட்சம் கடனுக்கு மாதத் தவணை 13,000 ரூபாயை ஒட்டி இருக்கும். 35 லட்சத்துக்கு அது 37,000-ஐத் தாண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. மாணவர் வெளிநாட்டில் வேலை பெற்றால் இரண்டுமே கட்டக்கூடியவைதாம். வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், 13,000 ரூபாயைச் சென்னையில் ஒரு வேலை பார்த்துக்கொண்டே கட்டிவிடலாம், 37,000 ரூபாய் வீட்டைக் கேட்கும். நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நல்லது நடந்தால் என்னவாகும் என்று கேட்பதைப் போலவே, நடக்காவிட்டால் எந்தத் தவணையைத் தாங்க முடியும் என்றும் கேட்டாக வேண்டும்.

பணத்தில் கனிவு காட்டும் ஜெர்மனி, நுழைவாயிலில் கறாராக நிற்கிறது. இந்திய மாணவர்களின் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்க்கும் ஏபிஎஸ் என்ற அமைப்பின் சான்றிதழ் 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாகிவிட்டது. அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். அடுத்து மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை. இந்திய மதிப்பெண்ணை இந்த அளவுக்கு மாற்றப் பயன்படுவது ‘பவேரிய வாய்ப்பாடு’: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்ற மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.5 சி.ஜி.பி.ஏ. பெற்ற ஒருவரின் கல்லூரியில் தேர்ச்சி எல்லை 5 என்றால், 2.5-ஐ 5-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.5 வரும், ஒன்றைக் கூட்ட 2.5. அதே மாணவரின் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி எல்லை 4 என்று அச்சிடப்பட்டிருந்தால் விடை 2.25. பல துறைகள் 2.5-ஐயே விண்ணப்ப எல்லையாக வைத்திருப்பதால், மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடக்கும் அந்த ஒற்றை எண் ஒருவரின் வாசலைத் திறக்கவோ மூடவோ செய்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே தம் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் இதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

சி.ஜி.பி.ஏ. மட்டும் போதாது. இளநிலையில் படித்த பாடங்கள் முதுநிலைத் துறையோடு பொருந்துகின்றனவா என்று ஜெர்மன் பல்கலைக்கழகம் பாடம் பாடமாக எண்ணிப் பார்க்கும். கணிதத்துக்கு இத்தனை, அடிப்படைத் துறைப்பாடத்துக்கு இத்தனை என்று அவர்களின் கிரெடிட் கணக்கில் குறைந்தால், மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மறுப்புக் கடிதமே வரும். மெக்கானிக்கல் படித்தவர் திடீரென்று டேட்டா சயின்ஸுக்கு மாற நினைத்தால் இங்கிலாந்தில் பல கதவுகள் திறந்திருக்கும், ஜெர்மனியில் அவை மிகக் குறைவு. துறை மாற விரும்புவோருக்கு இங்கிலாந்தின் இந்தத் தாராளம் உண்மையான நன்மைதான். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

விசாவில் இவ்வட்டாரக் குடும்பங்களுக்கே உரிய சில சிக்கல்கள் எழுகின்றன. நம் குடும்பங்களில் படிப்புச் செலவுக்குத் தாய்மாமனும் சித்தப்பாவும் பணம் கொடுப்பது இயல்பு. ஆனால் இங்கிலாந்து விசா விதிப்படி, குடும்பத்துப் பணம் மாணவரின் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ சட்டப்படியான பாதுகாவலர் கணக்கிலோ இருந்தால்தான் கணக்கில் சேரும். மாமாவின் வங்கி இருப்பு எத்தனை லட்சமானாலும் சான்றாகாது. உறவினர் உதவுவதாக இருந்தால் முன்கூட்டியே மாணவரின் அல்லது பெற்றோரின் கணக்குக்குப் பணத்தை மாற்றி, தொடர்ந்து 28 நாட்கள் தேவையான தொகைக்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்காமல் காக்க வேண்டும். இருபதாம் நாள் ஏதோ அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ மையத்தில் பெற வேண்டும்.

இரு நாடுகளுக்கும் பொதுவான மற்றொரு சிக்கல், தமிழரின் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக நிற்பது, ஆதாரில் தந்தை பெயராக விரிந்து, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்து, பட்டச் சான்றிதழில் மீண்டும் ஒற்றை எழுத்தாகச் சுருங்குகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இவர்கள் நான்கு பேர். குடும்பப் பெயர் என்ற வழக்கத்திலேயே வளர்ந்த அதிகாரிகளுக்கு இது புரியாது என்பதால், பாஸ்போர்ட் எடுக்கும்போதே மற்றச் சான்றிதழ்களோடு பெயரை ஒத்துப் பார்ப்பதும், வேறுபாடு இருந்தால் ஒரே நபர் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எழுதி வைப்பதும் பின்னால் பல வாரங்களைக் காப்பாற்றும்.

படிப்பு முடிந்த பின் தங்கி வேலை தேடும் உரிமை, பெரும்பாலோர் உள்ளூர எதிர்பார்ப்பது. இங்கிலாந்து 2012 ஏப்ரலில் இந்த உரிமையை நீக்கிவிட்டது. 2021 ஜூலையில் ‘கிராஜுவேட் ரூட்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டாகத் திருப்பித் தந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்பு அல்லாத முதுநிலை மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளை உடன் அழைத்துச் செல்ல முடியாது. கிராஜுவேட் ரூட் காலம் முடிந்த பின் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், அரசிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று வேலை தந்தாக வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக ஏறியது, புதிதாகப் பட்டம் பெற்றோருக்குச் சற்றுச் சலுகை உண்டு. இதற்கிடையே ஓராண்டுப் படிப்பு என்பது, மாணவர் குளிருக்கும் சமையலுக்கும் பழகுவதற்குள் பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்புக் காலம் முடிந்துவிடும் அளவுக்குக் குறுகியது. செப்டம்பரில் போய்ச் சேர்ந்தவர் அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போடத் தொடங்க வேண்டும். மிச்சப்படுத்திய காலம் இங்கேதான் தன் விலையைக் கேட்கிறது.

ஜெர்மனியிலும் பட்டம் பெற்றோருக்கு வேலை தேட 18 மாதம் தரப்படுகிறது. படிப்பின்போது ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம். இங்கிலாந்தில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம். ஜெர்மனியில் ‘வெர்க்ஸ்டூடன்ட்’ எனப்படும் முறையில் தன் துறை சார்ந்த நிறுவனத்திலேயே படிக்கும்போது பகுதிநேரமாகச் சேர்ந்து, ஆய்வேட்டையும் அங்கேயே எழுதி, அதே இடத்தில் நிரந்தர வேலைக்கு ஏறும் வழக்கம் பொறியியல் துறையில் வேரூன்றியுள்ளது. அங்கே பட்டம் பெற்றவர் தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு ஓய்வூதியப் பங்களிப்புச் செலுத்தி, போதிய மொழியறிவும் காட்டினால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் இதற்கான காலத்தை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது.

ஜெர்மனி வாங்கிக்கொள்ளும் காலத்தின் பெரும்பகுதி மொழிக்குப் போகிறது. வகுப்பறையில் ஆங்கிலத்தில் பாடம் நடக்கும் முதுநிலைப் படிப்புகள் ஏராளமாக உள்ளன என்பதை நம்பி, ஜெர்மன் மொழியை ஒரு பொருட்டாகக் கருதாமல் போகிறவர்கள், வாடகை ஒப்பந்தம், மருத்துவர், நகராட்சிப் பதிவு அலுவலகம், எல்லாவற்றுக்கும் மேலாக வேலை நேர்காணல் ஆகிய இடங்களில் தடுமாறி நிற்கிறார்கள். ஏ1-இல் தொடங்கி பி1 வரை, அதாவது அன்றாட உரையாடலைத் தடையின்றி நடத்தும் நிலை வரை வர, வேலையோடோ கல்லூரியோடோ சேர்த்துப் படிப்பவருக்கு ஓராண்டு தேவைப்படும். கல்லூரியின் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கினால் அந்த ஓராண்டு தனிச்செலவாகத் தெரியாது. பட்டம் முடித்த பிறகு தொடங்கினால், ஏபிஎஸ், விசா நேர்காணல் எனக் காத்திருக்கும் மாதங்களும் சேர்ந்து, இரண்டு ஆண்டுப் படிப்பு உண்மையில் மூன்றரை ஆண்டாக நீளும். வீட்டில் உடனடியாகச் சம்பளம் வர வேண்டிய நிலை இருந்தால் இது சிறிய சுமையன்று. விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியும் 2025 ஜூலை முதல் மூடப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது ஜெர்மன் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

ஆலோசனை நிறுவனங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலூர், புதுச்சேரி, சென்னைக் கன்சல்டன்சிகள் பல, மாணவரிடம் கட்டணம் வாங்காமல் இலவசமாக வழிகாட்டுகின்றன. அவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்கு ஏற்பத் தரகுத் தொகை தருகின்றன. இது சட்டத்துக்குப் புறம்பானதும் அல்ல. ஆனால் கட்டணம் வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு வருவதற்கு இடமில்லை என்பதால், ஜெர்மனி கேட்டுப் போனவர் இங்கிலாந்துக்கோ, ஜெர்மனியிலேயே கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிக்கோ திருப்பப்படும் வாய்ப்பு உண்டு. எந்த ஆலோசனையையும் கேட்கலாம், அதைச் சொல்பவருக்கு யார் பணம் தருகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு.

இத்தனைக்கும் பிறகு ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டுமானால், இப்படிச் சொல்லலாம். குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைத்துத்தான் போக வேண்டும் என்ற நிலையில் உள்ள பொறியியல் பட்டதாரிக்கு, தரமான அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமானால், ஜெர்மனியே தகும். நடுத்தரமான பல்கலைக்கழகத்தில் பொதுவான மேலாண்மைப் பட்டம் ஒன்றுக்காக 35 லட்சம் கடன் வாங்கி இங்கிலாந்து போவதற்கு நியாயம் காண்பது கடினம். ஆனால் சில ஆண்டு வேலை அனுபவமும் சேமிப்பும் உடையவர், சட்டம், நிதி, ஊடகம் போன்று ஆங்கிலமே கருவியாக உள்ள துறையினர், உதவித்தொகை பெற்றவர் ஆகியோருக்கு இங்கிலாந்தின் ஓராண்டு நல்ல முதலீடு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. அது கிடைத்தால் மேலே போட்ட கடன் கணக்கு முழுவதும் மாறிவிடும்; குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் இதற்குத் தகுதியுள்ள பலர் இதைக் கேள்விப்படாமலே வங்கிக்குப் போகிறார்கள்.

துறையும் சில சமயம் நாட்டைத் தானே சொல்லிவிடும். நெய்வேலிச் சுரங்கத்தின் மண்மேடுகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் சுரங்கமும் சுற்றுச்சூழலும் படிக்க விரும்பினால், இங்கிலாந்தின் கார்ன்வாலில் கேம்போர்ன் சுரங்கப் பள்ளி இருக்கிறது, உலோகக் கனிமங்களில் பேர்பெற்றது. பழுப்பு நிலக்கரி என்றால் ஜெர்மனிதான். சாக்சனியில் ஃபிரைபெர்க் சுரங்கப் பல்கலைக்கழகம் 1765-இலிருந்து இயங்குகிறது. அந்நாடு 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முற்றாகக் கைவிடச் சட்டம் இயற்றியிருப்பதால், வெட்டி முடித்த சுரங்கத்தை என்ன செய்வது என்பதே அங்கே இன்று பெரிய கல்வி. காட்புஸ் நகரின் விளிம்பில் அப்படி ஒரு பழைய சுரங்கப் பள்ளத்தில் 2019 ஏப்ரலில் ஆற்றுநீரைத் திறந்துவிட்டார்கள்; இன்று அங்கே ஒரு பெரிய ஏரி நிற்கிறது. அதே நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், வள மேலாண்மை பற்றிய முதுநிலைப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது.